பருவமும் உடைமையும்: உதகமண்டலத்தில் ஆளில்லா நிலமும் ஆளில்லா வீடும்

ஆய்வுச் சுருக்கம்

உதகமண்டலம் ஆண்டின் சில மாதங்களில் நிறைந்தும் பிற மாதங்களில் வெறிச்சோடியும் காணப்படும் நகரமாகக் காலனியாட்சியில் உருவாக்கப்பட்டது. அந்நகரின் நிலமும் வீடுகளும் கைமாறிய வரலாற்றை, ஆள் இல்லாத காலம் சட்டத்தின் பார்வையில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்னும் கோணத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது. மேய்ச்சலுக்காகப் பருவந்தோறும் இடம்பெயர்ந்த தோடர் விட்டுச்சென்ற மந்து, உடைமை அற்ற நிலமாகக் கொள்ளப்பட்டது. ‘சீசன்’ முடிந்து சமவெளிக்கு இறங்கிய ஐரோப்பியர் பூட்டிச்சென்ற வீடு, குறைவற்ற உடைமையாக நிலைத்தது. இவ்வேறுபாடு எப்படித் தோன்றியது, பின்வந்த கிரயங்களை எவ்வாறு தாங்கிநின்றது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் எந்த அளவுக்கு மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உதகமண்டலம், தோடர், மந்து, ஜான் சல்லிவன், மலைநகரம், பருவ இடப்பெயர்வு, நில உடைமை, வன உரிமைச் சட்டம்

முன்னுரை

ஏப்ரல், மே மாதங்களில் உதகமண்டலத்தைக் காண்பவரும் ஆடி மாதத்தில் காண்பவரும் ஒரே ஊரைக் காண்பதில்லை. கோடையில் ஏரிக்கரையும் தாவரவியல் பூங்காவும் மக்கள் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் விடுதிகளின் கதவுகள் அடைபடும். செப்டம்பர், அக்டோபரில் ‘இரண்டாம் சீசன்’ வந்துபோகும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும். மலைநகரத்தில் வீடோ மனையோ வாங்க முனைவோர் கூட்டம் இல்லாத இம்மாதங்களையே பெரிதும் தேர்கின்றனர். விற்பவர் விலையைத் தளர்த்துவார் என்பது ஒரு காரணம். கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா, சரிவில் மண் நகர்கிறதா என்பவற்றை மழைநாள்களில்தான் கண்ணால் காணமுடியும் என்பது மற்றொரு காரணம்.

இது வணிக நடைமுறை மட்டுமே எனில் வரலாற்றாய்வுக்கு இதில் வேலை இல்லை. ஆயினும் காலியாக இருக்கும் காலத்தில் வாங்குதல் என்பது உதகமண்டலத்தில் வீட்டுச் சந்தையைவிடப் பழமையானது. அந்நகரின் முதல் கிரயமே அத்தகையது என்று கொள்ள இடமுண்டு. ஒரு நிலத்தில் ஆண்டு முழுவதும் எவரும் தங்கவில்லை என்பதற்குக் காலனியாட்சி இரு வேறு பொருள்களைத் தந்தது. எவர் தங்கவில்லை என்பதைப் பொறுத்தே அப்பொருள் அமைந்தது. நீலகிரியின் நில வரலாற்றைப் பற்றிய ஆய்வுகள் இன வகைப்பாடு, காட்டுக் கொள்கை, தோட்டப் பொருளாதாரம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. பருவம் என்னும் காலக்கூறு உடைமையின் தகுதியையே தீர்மானித்த விதம் அவற்றில் ஓரமாகவே இடம்பெற்றுள்ளது.

மந்தின் காலக்கணக்கு

தோடர் எருமை வளர்க்கும் மக்கள். அவர்தம் குடியிருப்பாகிய மந்து சில குடிசைகளையும், பால்மனையையும், எருமைத் தொழுவத்தையும், சுற்றிலும் விரிந்த புல்வெளியையும் கொண்டது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901–02இல் களஆய்வு செய்து 1906இல் வெளியிட்ட நூல், ஒரே குலத்தார்க்குப் பல மந்துகள் இருந்தமையையும், அவற்றுள் சில ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே பயன்பட்டமையையும் விரிவாகப் பதிவுசெய்கிறது. மிகவும் புனிதமாகப் போற்றப்பட்ட எருமைக் கூட்டங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பால்மனைகள் இருந்தன. பருவத்திற்கேற்ப மந்தையும் பால்மனைப் பூசகரும் அவற்றிடையே இடம்பெயர்ந்தனர்.

இப்பெயர்ச்சியின் காரணத்தைப் புல்லும் நீரும் விளக்குகின்றன. நீலகிரியின் மேட்டுநிலம் முழுவதும் ஒரே அளவில் மழை பெறுவதில்லை. தென்மேற்கு மழையை நேரே வாங்கும் குந்தா போன்ற மேற்குப் பகுதிகள் மழைக்காலத்தில் தங்குதற்கு அரியன. ஆனால் மேட்டின் பிற பகுதிகளில் பனியால் புல் கருகும் மாதங்களில் அங்குப் பசுமை எஞ்சியிருக்கும். ஆகவே ஒரு மந்தைக் காலியாக விடுவதும் அதனைப் பயன்படுத்தும் முறையின் ஒரு பகுதியே. புல் மீண்டும் தழைக்க நிலத்திற்கு அவகாசம் வேண்டும். மீண்டு வருவோர்க்கு மேய்ச்சல் வேண்டும். மந்து வெறுமையாக இருந்த மாதங்களிலும் அது எந்தக் குலத்தார்க்கு உரியது என்பதில் தோடரிடையே ஐயம் இருந்ததில்லை.

படகரும் கோத்தரும் தோடர்க்குக் ‘கூடு’ எனப்பட்ட தானியக் கொடையை வழங்கிவந்தனர். இக்கொடையின் தன்மை பின்னர் நில வழக்கின் மையமாயிற்று. நிலத்தின் மூத்த உரிமையாளர்க்குத் தரப்படும் வாரமா, அச்சத்தால் தரப்படும் காணிக்கையா, பரிமாற்ற உறவின் ஒரு கூறா என்பது பற்றி ஆங்கில அதிகாரிகள் பல்லாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் அதனை எவ்வாறு கருதினர் என்பதைவிட, எந்த விடை எந்த நிலக் கொள்கைக்கு உதவும் என்பதே அவ்வெழுத்துகளில் மேலோங்கி நிற்கிறது.

ஏக்கருக்கு ஒரு ரூபாய்

1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கோயம்புத்தூர்ப் பகுதியோடு நீலகிரியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இரு இளம் அதிகாரிகள் மலையேறித் திரும்பியபின், கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் அங்குச் சென்றார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் அவருடைய முதல் இல்லம் எழுந்தது. 1822இல் உதகமண்டலத்தில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மக்கள் அதனைக் ‘கல் பங்களா’ என்றனர். அடுத்த சில ஆண்டுகளில் ஓடையை மறித்து ஏரியும் அமைக்கப்பட்டது. ஊரின் பெயரிலேயே மந்து என்னும் சொல் அமைந்திருக்கிறது. ஒற்றைக்கல் மந்து என்பதன் திரிபாக அதனைக் கொள்வது பரவலான விளக்கம்.

சல்லிவன் இந்நிலத்தைத் தோடரிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கியதாகக் கூறப்படுகிறது. உதகமண்டலத்தின் தோற்றக் கதையில் இத்தொகை ஒரு பழமொழி போலத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் மலிவைக் குறித்த வியப்போடு. அத்தொகையைவிட ‘வாங்கினார்’ என்னும் வினைச்சொல்லே ஆய்வுக்குரியது. ஏக்கர் என்பது தோடரின் அளவை அன்று. பணத்திற்கு நிலத்தை என்றென்றைக்குமாக விட்டுக்கொடுக்கும் வழக்கம் அவர்களிடையே நிலவியதற்கும் இனவரைவியல் பதிவுகளில் ஆதாரம் இல்லை. படகர் தானியம் தந்து உழுததைப்போல வெள்ளையர் பணம் தந்து வீடு கட்டுகின்றனர் என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும். இது ஊகமே. எனினும் கிரயத்தின் ஒரு தரப்பு மட்டுமே எழுதிவைத்த ஆவணங்களை அப்படியே ஏற்பதைவிட இவ்வூகம் குறைந்த ஆபத்துடையது.

விரைவில் சல்லிவனின் உடைமை ஏனைய ஐரோப்பியரின் உடைமைகளை விஞ்சி வளர்ந்தது. 1827இல் சென்னை ஆளுநரான ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் உதகமண்டலத்தைப் படையினர்க்கான உடல்நல வாழிடமாக வளர்க்க விரும்பினார். நிலம் வேண்டியபோது ஆட்சியரின் வேலிகள் குறுக்கே நின்றன. மலை தோடர்க்கு உரியது, அவர்களிடமிருந்து முறைப்படி பெறாமல் எவரும் அங்குக் குடியேறலாகாது என்பது சல்லிவனின் வாதம். நிலம் அரசுக்கு உரியது, தோடர்க்கு மேய்ச்சல் வசதி மட்டுமே உண்டு என்பது எதிர்வாதம். 1830இல் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது; 1843இல்தான் மீண்டும் கோயம்புத்தூருக்கு வந்தது.

சல்லிவனைப் பழங்குடியினரின் காவலராகப் போற்றும் எழுத்தும் உண்டு; நிலம் கவர்ந்தவராகத் தூற்றும் எழுத்தும் உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்கினால் முரண்பாடு கரைந்துவிடுகிறது. தோடர் உரிமையாளராக இருந்தால்தான் சல்லிவனின் கிரயம் செல்லும். தோடர் வெறும் மேய்ப்பராக இருந்தால்தான் அரசு வழங்கும் மானியம் செல்லும். இரு வாதங்களும் மூன்றாம் ஒருவரின் பத்திரத்திற்கு வலுச்சேர்க்கவே எழுந்தன. சல்லிவன் ஆட்சியர் பதவியை விட்டு நீங்கிய பின்னரும், தமக்கு நேரடிப் பயன் குறைந்துவிட்ட நிலையிலும், 1841இல் நாடு திரும்பும்வரை இவ்வாதத்தை விடாது வலியுறுத்தினார் என்பதையும் குறிப்பிடுதல் நேர்மை. அவர் மனைவியும் மகளும் 1838இல் இறந்து உதகை புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். மலையோடு அவருக்கிருந்த உறவை நிலக்கணக்கால் மட்டும் அளந்துவிட முடியாது.

1843ஆம் ஆண்டில் கம்பெனி இயக்குநரவை எடுத்த முடிவு வழக்கை ஒருவாறு முடித்துவைத்தது. நெடுங்கால அனுபவத்தால் தோடர்க்கு மேய்ச்சல் உரிமை உண்டு. நிலத்தின் உடைமை அவர்க்கு இல்லை. மந்துகளும் அவற்றைச் சூழ்ந்த நிலமும் அவர்க்கெனக் காக்கப்படவேண்டும் என்பது அதனோடு சேர்ந்த ஏற்பாடு. கேட்பதற்கு இரக்கமுடையதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில்தான் பருவம் பற்றிய தீர்ப்பு மறைந்திருக்கிறது. மேய்ச்சல் நிலம் ஒரு சுற்று. ஓரிடத்தில் இருக்கும்போது மற்றோரிடம் காத்திருக்கும். அச்சுற்றை ஓர் ஊரும் அதன் வேலியுமாகச் சுருக்கியபோது, குடிசைக்கு அருகில் இருப்பது மட்டுமே காப்புக்குரியதாயிற்று. எஞ்சிய புல்வெளி, எவரும் இல்லாத மாதத்தில் அங்கு வந்து பார்த்த அதிகாரியின் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. 1863இல் வகுக்கப்பட்ட தரிசுநில விதிகள் அத்தகைய நிலத்தை ஏலத்தில் விற்க வழிசெய்தன. காப்பி, தேயிலை, சிங்கோனா ஆகியவற்றிற்காக விற்கப்பட்ட சரிவுகளோடு மேய்ச்சற் சுற்றின் பல கண்ணிகளும் சேர்ந்து அறுபட்டன. படகரும் சில ஆண்டுகள் உழுது சில ஆண்டுகள் தரிசாக விடும் முறையைக் கையாண்டவரே. ஒரே கைப்பிடி நிலத்தில் ஆண்டுதோறும் தீர்வை செலுத்துவதை உடைமையின் அடையாளமாக்கிய வருவாய்த்துறைக்கு இந்த ஓய்வுக்காலமும் புரியவில்லை.

வீடுகளின் வம்சாவளி

மறுபுறம் வீடுகள் பெருகின. ஜேம்ஸ் ஹஃப் 1829இல் வெளியிட்ட மடல்களும், மருத்துவர் ராபர்ட் பெய்கி 1834இல் வெளியிட்ட நூலும் நோயுற்றோர்க்கு நீலகிரியை அறிமுகப்படுத்தின. அதே 1834இன் கோடையில் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் உதகையில் தங்கியிருந்தார். இந்தியாவுக்குப் புதிதாக வந்த மெக்காலே அவரைக் காண மலையேறினார். நோய்விடுப்பில் வந்தவர்களுள் ரிச்சர்டு பர்ட்டனும் ஒருவர். 1847இல் அவர் கண்ட உதகை 1851இல் வெளிவந்த அவருடைய நூலில் எள்ளலோடு இடம்பெறுகிறது. உடல்நலம் தேடி வருவோர் பலர் சமூக இன்பம் தேடி வருவோராக மாறிய காலம் அது.

இவ்வீடுகளின் தனித்தன்மை அவை கைமாறிய வேகம். படை அதிகாரி மாற்றலாகிச் செல்வார், ஆட்சிப் பணியாளர் தாய்நாட்டு விடுப்பில் போவார், சிலர் இறப்பர். ஒவ்வொரு பிரிவும் ஒரு விற்பனை. 1908இல் ஃபிரெடரிக் பிரைஸ் எழுதிய உதகமண்டல வரலாறு, வீடுகளையும் அவற்றின் அடுத்தடுத்த உரிமையாளரையும் பின்தொடர்வதில் பெரும் உழைப்பைச் செலவிடுகிறது. நகர வரலாறு என்பதைவிட வீடுகளின் வம்சாவளி என்றே அதன் பல பக்கங்களைச் சொல்லலாம். வாசிப்பவர்க்கு அலுப்பூட்டினாலும் ஆய்வாளர்க்கு அப்பக்கங்கள் அரியவை. ஓர் உடைமை என்பது அடுத்தடுத்த பெயர்களின் சங்கிலி என்னும் நம்பிக்கையை, அதாவது இன்று நாம் தாய்ப்பத்திரம் தேடும் நம்பிக்கையை, அவை வெளிப்படையாகக் காட்டுகின்றன. அச்சங்கிலியின் முதல் கண்ணிக்கு முன்னே இருந்தது என்ன என்பதைப் பிரைஸ் மிகச் சுருக்கமாகவே கடந்துசெல்கிறார்.

1844இல் கேப்டன் காட்டன் கட்டிய ஃபெர்ன்ஹில் இல்லத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பலரிடம் கைமாறிய அவ்வில்லம் 1873இல் மைசூர் அரச குடும்பத்தின் உடைமையாகிப் பின்னர் அரண்மனையாக வளர்ந்தது. இந்திய அரசர்கள் மலைநகரங்களில் வீடு வாங்கியது பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே தயக்கத்தையும் எதிர்ப்பையும் எழுப்பியதை டேன் கென்னடி 1996இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். கிரயப் பத்திரம் முறையாக இருந்தும் வாங்குபவர் யார் என்பது உறுத்தியது. அரைநூற்றாண்டுக்கு முன் மந்தின் உரிமை பேசப்பட்டபோதும் கேள்வி இதுவாகவே இருந்தது. அதிகாரத்தில் ஒரு மகாராஜா எங்கே, ஒரு மேய்ப்பர் எங்கே என்பதுதான் விளைவுகளைப் பிரித்தது.

1870களில் சென்னை அரசு ஆண்டுதோறும் பல மாதங்கள் உதகையில் இருந்து ஆட்சிசெய்யும் வழக்கம் உறுதிப்பட்டது. பக்கிங்காம் பிரபு ஆளுநராக இருந்த 1875–1880 காலத்தில் அங்கு ஆளுநர் மாளிகை எழுந்தது. அதே ஆண்டுகளில் சென்னை மாகாணம் 1876–78இன் பெரும்பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது என்பதை இங்கு ஒரு வரியில் குறிக்காமல் விடமுடியாது. அரசே பருவந்தோறும் மலையேறியதால் வீடுகளின் தேவை பருவத்தில் குவிந்தது. அமைச்சுப் பணியாளர், விருந்தினர், வணிகர் எல்லோர்க்கும் அதே மாதங்களில் கூரை வேண்டும். பருவ வாடகையே வீட்டின் ஆண்டு வருமானம் ஆயிற்று. எஞ்சிய மாதங்களில் காவலாளும் தோட்டக்காரரும் மட்டுமே தங்கினர். 1873இல் மேட்டுப்பாளையம்வரை வந்த இருப்புப்பாதை, 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்தபோது பருவத்தின் கூட்டம் மேலும் பெருகியது.

ஓர் ஐரோப்பியர் மூன்று மாதம் தங்கிவிட்டு ஒன்பது மாதம் பூட்டிவைத்த வீட்டை எவரும் தரிசு என்று அழைக்கவில்லை. பூட்டு, காவலாள், வரிரசீது ஆகிய மூன்றும் இல்லாமையை உடைமையாகக் காத்தன. 1866இல் உதகமண்டலம் நகராட்சியானது. அதன் வரிப்பதிவேட்டில் வீடு ஆண்டு முழுவதும் இருக்கும், வீட்டுக்காரர் இருக்கவேண்டியதில்லை.

கணக்கெடுப்பு நாள்

வீட்டுக்காரர் இல்லாத ஊரில் யார் இருந்தனர் என்பதை அறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதிர்பாராத வழியில் உதவுகிறது. 1881இன் கணக்கெடுப்பு பிப்ரவரி 17 அன்றும், 1891இன் கணக்கெடுப்பு பிப்ரவரி 26 அன்றும், 1901இன் கணக்கெடுப்பு மார்ச் 1 அன்றும் நடந்தன. மூன்றும் உதகையின் பருவத்திற்கு முந்திய நாள்கள். ஆளுநரும் அவர் பரிவாரமும் அப்போது சென்னையில் இருந்தனர். அட்டவணைகளைக் கொண்டு உதகையின் இன விகிதத்தைக் கூறும் ஆய்வுகள் இந்நாள்களைக் கவனிக்காமல் விட்டால், கோடையின் உதகையைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடும். அதே வேளையில், கடைவீதியிலும் காந்தல் போன்ற குடியிருப்புகளிலும் ஆண்டு முழுவதும் வாழ்ந்த மக்களை இவ்வட்டவணைகளே தெளிவாகக் காட்டுகின்றன. சமவெளியிலிருந்து கூலிகளாக, கொத்தனாராக, வண்ணாராக, கடைக்காரராக வந்தோரின் நகரம் அது. மழையிலும் பனியிலும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கட்டியவர், காத்தவர், கழுவியவர் என எல்லா நிலையிலும் வீட்டோடு பிணைந்திருந்தும், வீடுகளின் வம்சாவளியில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

சென்னையிலும் இப்பருவப் பெயர்ச்சிக்கு எதிர்ப்பு எழுந்தது. 1880களில் இந்தியப் பத்திரிகைகளும், 1884இல் தோன்றிய சென்னை மகாஜன சபையைச் சார்ந்தோரும், மக்களின் வரிப்பணத்தில் அரசு பல மாதங்கள் மலையில் மறைந்திருப்பதைக் கண்டித்தனர். தலைநகரை ஆளில்லாமல் விட்டுச்செல்வது அவர்களின் குறை. மலையிலோ நிலத்தின் பழைய மக்களுக்கு அதற்கு நேர்மாறான குறை இருந்தது. அவ்விரு குறைகளும் எங்கும் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பத்திரத்தின் இன்றைய முகம்

விடுதலைக்குப்பின் ஐரோப்பியரின் வீடுகள் நிறுவனங்களுக்கும் சமவெளிச் செல்வருக்கும் கைமாறின. உடைமைச் சட்டத்தின் அடித்தளம் மாறவில்லை. அதன்மேல் கட்டுப்பாடுகள் அடுக்கப்பட்டன. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட காட்டுநிலங்களின் விற்பனைக்கு முன்அனுமதியைக் கோருகிறது. 1990இல் மலையிடப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1993இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. இன்று உதகையில் மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்த்தால் மட்டும் போதாது. அந்நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதையும் பார்க்கவேண்டும். இவ்விதிகள் யாவும் நிலத்தின் சரிவையும் கட்டடத்தின் அளவையும் பேசுகின்றன. ஆண்டில் எத்தனை நாள் அவ்வீட்டில் விளக்கெரிகிறது என்பது எந்த விதியின் கவலையும் அன்று.

பருவப் பயன்பாட்டின் மிகப்பெரிய சின்னமாக நகரின் நடுவே விளங்கியது குதிரைப் பந்தயத் திடல். 1886 முதல் ஏறத்தாழ 52 ஏக்கர் நிலத்தில் கோடைதோறும் அங்குப் பந்தயம் நடந்தது. குத்தகைக்காலம் 1978இல் முடிந்த பின்னரும் திடல் பந்தயத்திற்கே பயன்பட்டது. நீண்ட வழக்கிற்குப் பின் 2024இல்தான் அரசு அதனைத் திரும்பப் பெற்றது. ஆண்டின் பெரும்பகுதி ஓட்டமே இல்லாத அப்புல்வெளியைக் காலியான நிலம் என்று சொல்லிக் கைப்பற்ற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவர்க்கும் தோன்றவில்லை. மேய்ச்சற்காலம் முடிந்து ஓய்ந்திருந்த புல்வெளியை அப்படிச் சொல்ல 1843இல் ஒரு மடலே போதுமானதாயிற்று.

நீலகிரியின் வடசரிவுக்குக் கீழே சீகூர்ப் பீடபூமியிலும் இதே வடிவிலான வழக்கு அண்மையில் எழுந்தது. யானைகள் ஆண்டின் சில காலங்களில் கடந்துசெல்லும் நிலத்தை வாங்கி விடுதி கட்டியோர், தம் பத்திரங்களை முன்வைத்தனர். யானை வழித்தடம் குறித்த அரசின் அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, தனிப்பட்ட உரிமைக் கோரிக்கைகளைக் கேட்கக் குழு ஒன்றை அமைக்கச் செய்தது. வாங்கிய நாளில் அங்கு யானை நிற்கவில்லை என்பது வழித்தடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்னும் கருத்து இதன்மூலம் சட்டத்திற்குள் நுழைந்தது. விலங்கின் பருவப் பெயர்ச்சிக்குக் கிடைத்த இவ்வேற்பு, மனிதரின் பருவப் பெயர்ச்சிக்கு அதற்குச் சற்று முன்னரே எழுத்தளவில் கிடைத்திருந்தது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ)இல், நிலையான மேய்ச்சலோடு இடம்பெயரும் மேய்ச்சலையும், நாடோடி மற்றும் மேய்ச்சல் சமூகங்கள் மரபாகப் பருவந்தோறும் இயற்கை வளங்களை அடைவதையும் சமூக உரிமையாகக் குறிப்பிடுகிறது. ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் இராமலேயே அவ்விடத்தின்மேல் உரிமை கொள்ளலாம் என்பதை நீலகிரிக்கும் பொருந்தும் ஒரு சட்டம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது 1843க்குப்பின் பெரிய திருப்பம். ஆயினும் இச்சட்டம் வனநிலத்திற்கே செல்லும். நகரின் நடுவே வீடாகவும் விடுதியாகவும் பத்திரமாகவும் மாறிவிட்ட புல்வெளிக்கு அது திரும்பிச் செல்லாது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து இன்றும் இருக்கிறது. அதன் மேய்ச்சற் சுற்றில் இருந்த சரிவுகள் நகரமாகிவிட்டன. எஞ்சியிருப்பவை காப்புக்காட்டின் எல்லைக்குள் அடைபட்ட மேற்குப் புறத்துப் பருவ மந்துகளும், வேற்றுமரங்கள் நடப்பட்டு உருமாறிய புல்வெளிகளும்.

அவ்வுரிமையைக் கோருவோர் எதைச் சான்றாகக் காட்டலாம் என்பதை அச்சட்டத்தின் விதி 13 கூறுகிறது. அரசிதழ்க் கையேடுகள், கணக்கெடுப்புகள், நிலஅளவை மற்றும் வரித்திட்ட அறிக்கைகள் அதில் அடங்கும். மூத்தோர் வாக்குமூலமும், வழக்காறுகளைப் பதிவுசெய்த ஆய்வுகளும் அடங்கும். இதன்படி, தோடரின் மந்துகள் சில காலம் காலியாக இருந்தன என்று எழுதிவைத்த 1880இன் கிரிக் கையேடும் 1908இன் ஃபிரான்சிஸ் கையேடும், மந்துகளைக் குலவாரியாகப் பட்டியலிட்ட ரிவர்ஸின் நூலும் இன்று உரிமைக் கோரிக்கையோடு இணைக்கத் தக்க ஆவணங்கள். உடைமை இல்லை என்பதற்கு ஒருகாலத்தில் எடுத்துக்காட்டப்பட்ட அதே வெறுமை, பருவ உரிமை இருந்தது என்பதற்கு அவற்றில் சான்றாக நிற்கிறது. எந்த மந்து எந்த மாதத்தில் காலியாக இருந்தது என்று அந்நூல்களிலிருந்து தொகுக்கும் பணி ஆய்வாளருடையது. அத்தொகுப்பைக் கிராம சபையின் வன உரிமைக் குழு கேட்டுப்பெறலாம்.